ஏழாம் துளை

விமான ஓடுபாதையைத் தாண்டி
வேலி விழுந்த இடத்தில் சைக்கிளைச் சாய்க்கிறாள் தாபேயா.
கிரிபாட்டியில் மழை பெய்து எட்டு மாதம்.
துளையின் மூடியைத் திருகினால் உள்ளே ஐந்து குழாய் வாய்கள்,
ஒன்றைவிட ஒன்று ஆழம்.
மூடிக்கடியில் ஒரு நண்டு குடித்தனம் வைத்திருக்கிறது.
மாதா மாதம் துரத்துகிறாள்.
மாதா மாதம் திரும்பி வந்துவிடுகிறது.

இந்தத் தீவில் ஆறு இல்லை, ஓடை இல்லை.
மலை என்ற சொல்லுக்குப் பள்ளிக்கூடத்தில் படம் காட்டுகிறார்கள்.
பெய்த மழை பவழ மணலுக்குள் இறங்கி
கடலின் முதுகில் படுத்துக்கொள்கிறது.
அறிக்கையில் அதற்கு நன்னீர் வில்லை என்று பெயர்.
கண்ணாடிக் கடை வில்லையா மருந்துக் கடை வில்லையா என்றால்
இரண்டும்தான்:
நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்தது,
காய்ச்சல் நாளில் பிள்ளையின் நாக்கில் வைப்பது.

மேலே ஒரு சாண் உயர்ந்தால்
கீழே நாற்பது சாண் தடிக்கும்.
மேலே ஒரு சாண் குறைந்தாலும்
அதே கணக்குதான், பாரபட்சமில்லை.

கடல் ஏறி இரண்டரை மணி நேரம் கழித்து
இங்கே நிலத்தடியில் நீர் ஒரு விரல் உயரும்,
ஒருவர் தூக்கத்தில் புரண்டால்
அடுத்த பாயில் இருப்பவர் கொஞ்சம் நகர்வதுபோல.

பதினைந்து மீட்டர்: கடல்.
பன்னிரண்டு: கிறிஸ்துமஸுக்கு இனித்தது, இப்போது அதுவும் கடல்.
ஒவ்வொரு முறையும் உப்புமானியின் முனையை
கப்பலில் வரும் வடிநீரால் கழுவுகிறாள்.
தீவிலேயே சுத்தமான தண்ணீர் அந்தச் சின்ன பாட்டில்தான்.
கிராராவாவின் மகன் ஒருநாள் வாங்கிக் குடித்துப் பார்த்தான்.
ருசியே இல்லை என்று துப்பிவிட்டுப் போனான்.

கிராராவாவுக்கு இந்த நிலத்தில் பங்கு உண்டு.
காப்பு நிலம் என்று அரசாங்கம் வேலி போட்டது,
வருடத்துக்கு ஒருமுறை குத்தகைப் பணம் தருகிறது.
பூசணி போடக் கூடாது. பன்றி கட்டக் கூடாது.
'எங்கள் காலடியில் இருப்பதை நகரம் குடிக்கிறது,
எங்கள் வீட்டுக் குழாயோ
இரண்டு நாளைக்கொருமுறை இருமுகிறது'
என்பார். கோபமாக அல்ல. நேரம் சொல்வதுபோல.

பம்பு அறைக் குழாயில் கடைசி அளவு.
இரண்டாயிரத்து அறுநூற்றுப் பத்து.
முனையைக் கழுவி, மறுபடி.
இரண்டாயிரத்து அறுநூற்றுப் பத்து.
இரண்டாயிரத்து ஐநூறைத் தாண்டினால் நிறுத்து என்று
குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அச்சடித்திருக்கிறது.

பம்புக்காரன் ரிக்கியாவா வாசலில் நிற்கிறான்.
சனிக்கிழமை அவன் தங்கைக்குக் கல்யாணம்,
மனியாபாவில் முந்நூறு பேருக்குச் சாப்பாடு.
'திங்கட்கிழமை தேதி போட்டு எழுதேன்.'

போன வறட்சியில் அப்படி எழுதியிருக்கிறாள்.
யாருக்காக என்பது இப்போது முக்கியமில்லை.
மூன்றே நாள். அதில் ஏறிய உப்பு
இறங்குவதற்குப் பதினொரு மாதம் ஆயிற்று.
பபாய்க் குழிகளில் இலைகள் ஓரத்திலிருந்து பழுத்து வந்தன.
அலையைக் குற்றம் சொன்னார்கள், வானத்தைச் சொன்னார்கள்,
ஒரு கூட்டத்தில் வெளிநாட்டு நிபுணர் வரைபடத்தில் அந்த முகட்டைத் தொட்டு
'இது ஏனென்று விளங்கவில்லை' என்றார்.
அவள் கூட்டத்துக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

குறிப்பேட்டுக்குத் தண்ணீர் காட்டிவிடலாம்.
தண்ணீருக்கு?

இன்றைய தேதியைப் போடுகிறாள்.
எண்ணை எழுதுகிறாள், கீழே கையெழுத்து.
ரிக்கியாவா அவள் முகத்தைப் பார்க்காமல்
விசையை இழுக்கிறான்.

பம்பின் உறுமல் நின்றதும்
கடல் கேட்டது.
இவ்வளவு நேரமும்
கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கும்.

மூடியைத் திருகி இறுக்கப் போனவள்
நண்டுக்கு ஒரு நிமிடம் கொடுத்தாள்.
ஏழாம் பம்பில்தான் அவள் தெருக் குழாயும்.
சைக்கிளில் இரண்டு காலிக் கேன்கள்.
மூன்றாம் பம்புக்கு எதிர்க்காற்றில்
நாற்பது நிமிடம்.